பிப்ரவரி முப்பது

ஒரே ஒரு வரிதானே. பக்கத்தை நான் தொடவே இல்லை. பக்கம் எங்கோ ஒரு கணினியின் வயிற்றுக்குள் பத்திரமாக இருக்கிறது. அதில் ஓர் எழுத்துகூடக் கலையப் போவதில்லை. நான் மாற்றுவது இந்தக் கூடத்துத் திரையில் விழுகிற அதன் நிழலை. நிழலில் கை வைத்தால் யாருக்கு வலிக்கும்?

இப்படித் தனக்குள் சொல்லிக்கொண்டுதான் அவள் மவுஸைப் பிடித்தாள். காலை ஏழரை மணி. பின்னறையில் நாத்தனார் மாமியாரைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். வாளி நகரும் சத்தம், துணி பிழியும் சத்தம், நடுநடுவே "மெதுவாடி, தோலை உரிச்சு எங்க காயப் போடப் போறே?" என்று மாமியாரின் சத்தம். அது முடிய முக்கால் மணி நேரமாகும். கணவனும் அந்தக் கணக்கில்தான் நாற்காலிக்குப் பின்னால் நின்றிருந்தான்.

"உனக்கு இது ரெண்டு க்ளிக்தானே? ஆபீஸ்ல தினம் இதைத்தானே பண்றே?" என்றான்.

அதுவும் உண்மைதான். இணையப் பக்கங்களை எப்படிப் பயன்படுத்துவது என்று படம் போட்டு விளக்கும் கையேடுகளைத் தயாரிக்கும் அலுவலகத்தில் அவளுக்கு வேலை. வங்கியின் பக்கமோ மருத்துவமனையின் பக்கமோ, படம் எடுக்கும்போது உண்மையான ஆட்களின் பெயரும் எண்ணும் அதில் இருக்கக் கூடாது. அதற்காக பிரௌசரில் ஒரு சின்ன எக்ஸ்டென்ஷன் வைத்திருந்தார்கள். எந்த எழுத்தின் மேலும் வலது பொத்தானை அழுத்தினால் நான்கு வரிகள் கீழே விரியும். எழுத்தை மாற்று. வரியை மறை. இந்தப் பக்கத்தில் எப்போதும். எல்லா மாற்றங்களையும் நீக்கு. மூன்றாவதை அழுத்திவிட்டால் போதும், அந்தக் கணினியில் அந்தப் பக்கத்தை எத்தனை முறை திறந்தாலும் மாற்றிய எழுத்தே வந்து நிற்கும். வீட்டிலிருந்து வேலை செய்யும் நாட்களுக்காகக் கூடத்துக் கணினியிலும் அதைப் போட்டு வைத்திருந்தாள்.

திரையில் இருந்தது வேறு ஊரில் உள்ள ஒரு பெரிய ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் பக்கம். மேலே நாத்தனாரின் பெயர். கீழே: "வாழ்த்துகள். தாங்கள் தேர்வு செய்யப்பட்டுள்ளீர்கள்." அதன் கீழே ஒப்புதல் என்று ஒரு பச்சைப் பொத்தான். இன்னும் கீழே, எல்லோருக்கும் பொதுவாக ஓர் அறிவிப்பு: மார்ச் பதினான்கு மாலை ஐந்து மணிக்குள் ஒப்புதல் தராதவர்களின் இடம் அடுத்தவருக்குத் தரப்படும்.

நாத்தனாரும் ஒரு காலத்தில் அப்படி ஓர் இடத்தில் வேலை பார்த்தவள்தான். நுண்ணோக்கியில் கண்ணை வைத்து ரத்த அணுக்களை எண்ணுகிற வேலை. நான்கு வருடத்துக்கு முன் மாமியாருக்கு இடுப்புக்குக் கீழே ஓய்ந்துபோனபோது, ஆள் கிடைக்கும்வரை என்று சொல்லி வேலையை விட்டாள். ஆளை யாரும் தேடவில்லை; வீட்டிலேயே ஆள் இருக்கும்போது வெளியில் எதற்குத் தேட வேண்டும்? போன வருடக் கடைசியில் இந்த விளம்பரத்தைப் பார்த்துவிட்டு அவளாகவே பரீட்சை எழுதினாள். விண்ணப்பக் கடிதத்தை மூன்று முறை திருத்திக் கொடுத்தது அண்ணியான இவள்தான். படிவத்தை நிரப்பியது அண்ணன். தன் போன் எண்ணையே கொடுத்திருந்தான். அதனால் செய்தி அவனுக்குத்தான் வரும். வேறு எந்தக் கருவியில் பக்கத்தைத் திறந்தாலும், நுழைவதற்கான எண்ணும் அவனுக்கே வரும். கூடத்துக் கணினி மட்டும்தான் கேட்காமல் திறக்கும்.

"அவ போனா அம்மாவை யார் பாப்பா? என்னால முடியாது, ஆம்பளை. மிச்சம் நீதான்" என்றான் கணவன். "வேலையை விட்டுடறேன்னு சொல்லு, இப்பவே அவளைக் கூப்பிட்டு இனிப்பான செய்தியைச் சொல்லிடறேன். என்ன, சொல்றியா?"

கேள்வி ஏற்கனவே அவளுக்குள் இருந்ததுதான். கடிதத்தைத் திருத்திக் கொடுத்த கையே, வேலை கிடைக்காமல் போகட்டும் என்றும் மூன்று மாதமாக உள்ளூர வேண்டிக்கொண்டிருந்ததை அவன் மட்டும்தான் கண்டுபிடித்திருந்தான். இருபது வருடம் சேர்ந்து வாழ்ந்தால் இதெல்லாம் தெரிந்துவிடுகிறது.

"தேர்வாகலைன்னு போடு."

முகத்தில் அறைந்தாற்போல அப்படி எழுத அவளுக்கு மனம் வரவில்லை. கொஞ்சம் மெதுவாக இருக்கட்டும் என்று நினைத்து எழுதினாள்: தாங்கள் காத்திருப்போர் பட்டியலில் உள்ளீர்கள். வரிசை எண் 2.

கணவன் குனிந்து படித்தான். மெல்லச் சிரித்தான். "கெட்டிக்காரிடி. இல்லைன்னு சொன்னா இன்னொரு இடத்துக்கு எழுதிப் போடுவா. ரெண்டாவது நம்பர்னா வாயை மூடிட்டுக் காத்திருப்பா."

அவள் அதை அப்படி நினைத்து எழுதவில்லை. நினைக்கவே இல்லையா என்று பிறகு தன்னைத்தானே கேட்டுக்கொண்டாள். பச்சைப் பொத்தானை மறைத்தாள். முடிவு வெளியான நாள் என்று இருந்த இடத்தில் பழக்கத்தில் கை என்னவோ தட்டியது. மூன்றாவது வரியை அழுத்தி எழுந்துகொண்டாள். பின்னறையில் வாளி காலியாகிற சத்தம் கேட்டது.

*

நாத்தனார் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்து உட்கார்ந்தாள். பக்கத்தைத் திறந்தாள். அண்ணி மேசையின் மறுபக்கத்தில் நின்று சர்க்கரை டப்பாவின் மூடியை மூடினாள், திறந்தாள், மறுபடி மூடினாள்.

திடீரென்று நாத்தனார் சிரித்தாள்.

"அண்ணி, இங்க வந்து பாருங்களேன். முடிவு வெளியான நாள் பிப்ரவரி முப்பதாம்!"

அண்ணி டப்பாவைக் கீழே வைத்தாள். முப்பது. கை தட்டியது அதைத்தான்.

அது அவள் அலுவலகத்து வழக்கம். முன்பு ஒரு கையேட்டில் போலியாகப் போட்ட ரசீது ஒன்றை உண்மை என்று நம்பி யாரோ சண்டைக்கு வந்துவிட்டார்கள். அன்றிலிருந்து மேலாளர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: மாற்றிய பக்கம் எதுவானாலும் அதில் தேதி பிப்ரவரி முப்பது என்றே இருக்க வேண்டும். இல்லாத தேதி. பார்த்த உடனே இது பொய் என்று தெரிய வேண்டும். ஆறு வருடமாக ஒரு நாளைக்கு இருபது தடவை தட்டிய தேதி. கைக்கு அது மூச்சு விடுவது மாதிரி.

"பிப்ரவரிக்கு முப்பது நாள் குடுத்திருக்காங்க, என்ன தாராள மனசு!" என்றாள் நாத்தனார். "அதுல ஒரு நாளை எனக்குக் குடுத்திருந்தா தூங்கியாவது இருப்பேன்."

அண்ணியும் குனிந்து பார்த்தாள். சிரிக்க வேண்டிய இடம் என்பதால் சிரித்தாள்.

மத்தியானம் சாப்பிடும்போதும் அதுவே பேச்சு. வேலை நழுவிய துக்கத்தை நாத்தனார் அந்த ஒரு தேதியை வைத்தே மென்று விழுங்கிக்கொண்டிருந்தாள் என்று அண்ணிக்குப் புரிந்தது. அன்று அவளுக்கு வீட்டிலிருந்து வேலை, கணவனுக்கு விடுப்பு. தலையைக் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"எங்க லேப்ல ஒரு சட்டம் உண்டு அண்ணி. குழாய் மேல தேதி தப்பா இருந்தா, உள்ள இருக்கிற ரத்தம் தங்கமா இருந்தாலும் கீழே கொட்டிடணும். இவங்க என்னடான்னா வாசல்லயே தப்பு பண்றாங்க. நாளைக்கு ஒரு போன் போட்டுச் சொல்லப் போறேன். ரெண்டாவது நம்பர்காரி பேசறேன்னு சொல்றேன், பார்க்கலாம், ஒண்ணாவது நம்பர் ஆக்கறாங்களா."

கணவனின் கை தட்டில் நின்றது.

அண்ணி பாத்திரம் கழுவும்போது அவன் பின்னால் வந்தான். "முப்பதா? மூளை எங்க மேயப் போச்சு?"

அவள் வழக்கத்தைச் சொன்னாள். அவன் சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னான்: "பழையபடி இருபத்தொண்ணுன்னு மாத்து. இப்பவே."

"பார்த்துட்டாளே. எப்படி மாறுச்சுன்னு கேப்பா."

"மாறலைன்னு சொல்லு. எப்பவும் அதுதான் இருந்துச்சுன்னு சொல்லு. திருத்திட்டாங்கன்னு நினைச்சா அப்பவும் போன் பண்ணுவா. தான்தான் தப்பாப் படிச்சோம்னு நினைச்சா வெட்கப்பட்டுட்டு விட்டுடுவா. அவளைப் பத்தி எனக்குத் தெரியாதா?"

தெரியும். கூடப் பிறந்தவன் அல்லவா, எங்கே குத்தினால் ரத்தம் வராமல் வலிக்கும் என்று அவனுக்குத் தெரியும்.

மறுநாள் காலை நாத்தனார் போனைக் கையில் வைத்துக்கொண்டுதான் கணினி முன் உட்கார்ந்தாள். பக்கம் திறந்தது.

"அட. இருபத்தொண்ணு. அதுக்குள்ள திருத்திட்டாங்களா?"

"எதை?" என்றான் கணவன், காலுறையை மாட்டிக்கொண்டே.

"தேதியைத்தான். நேத்து முப்பதுன்னு இருந்துச்சே."

"நேத்தும் இருபத்தொண்ணுதான். நீ வந்து பார்க்கறதுக்கு முன்னாடியே நான் பார்த்தேனே. நீ முப்பதுன்னு சொன்னப்போ ஏதோ ஜோக் அடிக்கறேன்னு நினைச்சேன்."

"இல்லண்ணா. அண்ணிகூடப் பார்த்தாங்க. சிரிச்சாங்களே. அண்ணி?"

இருவரும் அவளைப் பார்த்தார்கள். நாத்தனாரின் பார்வையில் சந்தேகமே இல்லை. கூட்டத்தில் தொலைந்த குழந்தை தெரிந்த முகத்தைப் பார்ப்பது போல ஒரு நம்பிக்கை. அந்த நம்பிக்கை அவளுக்கு எரிச்சலாக இருந்தது. என்னை ஏன் இப்படிப் பார்க்கிறாய், உனக்கு நான் யார், என்று ஒரு கோபம். கோபம் வந்ததும் சொல்வது சுலபமாகிவிட்டது.

"நீ சொன்னதுக்குத்தான் சிரிச்சேன்மா. நான் பார்த்தப்போ இருபத்தொண்ணுதான் இருந்துச்சு. நீ மனசொடிஞ்சு போயிருக்கே, அதைப் போய் என்ன சொல்றதுன்னு விட்டுட்டேன்."

கடைசி வாக்கியத்தை யாரும் சொல்லச் சொல்லவில்லை. அது அவளே சேர்த்தது.

நாத்தனார் விரலை நீட்டித் திரையில் அந்த எண்ணைத் தொட்டுப் பார்த்தாள். கண்ணாடிதான் தட்டுப்பட்டது. "ஓ" என்றாள். போனை மேசைமேல் கவிழ்த்து வைத்தாள்.

"டாக்டரம்மாவுக்கு வயசாகுது" என்றான் கணவன். "நல்லவேளை, வேலை கிடைக்கல. ஊரான் ரத்தத்தை எண்ணப் போயி, ஒண்ணை ரெண்டா எண்ணியிருப்பே."

*

அதற்குப் பிறகு நாத்தனார் சிறுத்துப் போனாள். உடம்பு அப்படியேதான் இருந்தது. ஆனால் படி இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். மருந்துச் சீட்டை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் படித்தாள். கடிகாரம் பார்த்துவிட்டு, "மணி பத்துதானே அண்ணி?" என்று கேட்டாள். பத்தாகத்தான் இருக்கும்.

காலை எட்டேகாலுக்கு அந்தப் பக்கத்தைத் திறந்து பார்ப்பது மட்டும் நிற்கவில்லை. வரிசை எண் 2. ஒரு நாள் பார்த்துவிட்டு, "யாரோ ஒருத்தங்களுக்குக் கிடைச்சிருக்கு. அவங்க வேண்டாம்னு சொன்னாத்தான் நகரும். யாரா இருப்பாங்க? வேண்டாம்னு சொல்ற அளவுக்கு அவங்களுக்கு என்ன கஷ்டமோ, பாவம்" என்றாள்.

அண்ணி அலுவலகத்துக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிக் கிளம்பிவிட்டாள். அன்று பேருந்துக்கு இன்னும் அரை மணி நேரம் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கணவன் தங்கையைக் கண்ணாடிக் கடைக்கு அழைத்துப்போனான். அண்ணியும் கூடப் போனாள். கடைக்காரர் கருவியை நாத்தனாரின் முகத்தில் மாட்டி, கடைசி வரி வரைக்கும் படிக்க வைத்தார். நாத்தனார் ஒவ்வொரு எழுத்தையும் சொல்லிவிட்டு, "சரியா?" என்று கேட்டாள். எல்லாம் சரி.

"கண்ணு நல்லா இருக்கு. கண்ணாடி தேவையே இல்ல" என்றார் கடைக்காரர்.

"தேவையில்லைங்கறதை அவ சொல்லட்டும்" என்றான் கணவன். "இல்லாத எழுத்தெல்லாம் தெரியுது அவளுக்கு. குறைஞ்ச பவர்ல ஒண்ணு போடுங்க. இருந்துட்டுப் போகட்டும்."

கடைக்காரர் நாத்தனாரைப் பார்த்தார். நாத்தனார், "போட்டுடுங்க சார், எதுக்கும் இருக்கட்டும்" என்றாள். கறுப்புச் சட்டம் ஒன்றைக் கணவனே எடுத்துக் கொடுத்தான். மாட்டிக்கொண்டு திரும்பி, "எப்படி இருக்கு அண்ணி?" என்றாள்.

"லட்சணமா இருக்கு" என்றாள் அண்ணி.

வீட்டில் மாமியார் மகளின் முகத்தைப் பார்த்ததும், "என்னடி இது, மூக்குக்கு முட்டுக் கொடுத்திருக்கே?" என்றாள். மகள் சமையலறைக்குப் போனதும் மருமகளைப் பக்கத்தில் கூப்பிட்டாள். மாமியாருக்குக் கால் இரண்டும்தான் ஓய்ந்திருந்தன. காதும் வாயும் இரட்டிப்பாக வேலை செய்தன. கூடத்தில் பேசுவது பின்னறைச் சுவரில் நன்றாகவே கேட்கும்.

"அவ போயிருந்தா உன் கை என் மேல படணும்" என்றாள் மாமியார், தாழ்ந்த குரலில். "அது எனக்கும் பிடிக்காது, உனக்கும் பிடிக்காது. எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னே வச்சுக்கோ." கையை நீட்டி மருமகளின் மணிக்கட்டைத் தட்டிக் கொடுத்தாள். கல்யாணமாகி வந்த இத்தனை வருடத்தில் மாமியார் அவளை அன்பாகத் தொட்டது அதுதான் முதல் தடவை.

*

மார்ச் பன்னிரண்டாம் தேதி காலை அது நடந்தது. அன்று அவள் வீட்டிலிருந்து வேலை செய்யும் நாள்.

மாமியாருக்குச் சாப்பாட்டுக்கு முன் இன்சுலின் போட வேண்டும். நாத்தனார் ஊசியில் மருந்தை ஏற்றிக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். இப்போதெல்லாம் அதுவும் வழக்கமாகிவிட்டது.

"அண்ணி, கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க. பத்துதானே?"

நான்கு வருடமாக இருட்டில்கூடத் தடவிப் பார்த்தே அளவு சொல்லக்கூடியவள். அண்ணி கணினித் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், ஒரு படத்துக்குக் கீழே வரி எழுதிக்கொண்டே, "கூட இருக்கற மாதிரி இருக்கே" என்றாள்.

ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்குத் தெரியாது. ஊசியை அவள் பார்க்கவே இல்லை.

"கூடவா?" என்றாள் நாத்தனார். ஊசியை மறுபடி பார்க்கவில்லை. உடனே முனையை மேலே தூக்கி, அழுத்தி, மருந்தைச் சொட்டுச் சொட்டாக வெளியே விட்டாள். "இப்போ?"

அப்போதுதான் அண்ணி நிமிர்ந்து பார்த்தாள். மருந்து ஆறாவது கோட்டில் நின்றது. முன்பு சரியாகப் பத்தில்தான் இருந்திருக்க வேண்டும். நாத்தனார் ஊசியைப் பார்க்காமல் அண்ணியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னும் கொஞ்சம் என்று சொன்னால் இன்னும் விடுவாள். சரி என்று சொன்னால் போய்க் குத்துவாள். ஏற்று என்றால் இருபதுவரைகூட ஏற்றிக்கொண்டு வந்து நிற்பாள்.

அந்த ஒரு கணம் அவளுக்கு இனித்தது.

அதை அவள் பின்னால் எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்தாள். பயம் என்று, களைப்பு என்று, அதிர்ச்சி என்று. எந்தப் பெயரும் ஒட்டவில்லை. இனிப்புதான் அது. ஒரு மனுஷியின் இரண்டு கண்களையும் பிடுங்கித் தன் இடுப்பில் சாவிக்கொத்து மாதிரிச் செருகிக்கொண்டிருக்கிறோம் என்று தெரிந்ததில் வந்த இனிப்பு. வேலை போய்விடும் என்ற பயத்தில் செய்தேன், அவர் சொன்னதால் செய்தேன் என்றெல்லாம் இதுவரை அடுக்கி வைத்திருந்த காரணங்களில் ஒன்றுகூட அந்த நேரத்தில் பக்கத்தில் இல்லை. அவளும் அந்த இனிப்பும் மட்டும்தான் இருந்தார்கள்.

"இரு இரு" என்றாள். "நான் சரியாப் பார்க்கல. முன்னாடி இருந்ததே சரி. பத்து ஏத்திக்கோ."

"அண்ணி, உங்களுக்கும் கண்ணாடி வேணும் போல" என்று நாத்தனார் சிரித்தாள். பல நாளைக்குப் பிறகு அவள் சிரித்தது அப்போதுதான். தன்னைப் போல இன்னொருத்தியும் தப்பாகப் படிக்கிறாள் என்பதில் அவளுக்கு அவ்வளவு ஆறுதல்.

*

பதினான்காம் தேதி சனிக்கிழமை. கணவன் வேலை பார்க்கும் குழாய்க் கிடங்கு அன்று அரைநாள்தான். இரண்டு மணிக்கே வந்துவிட்டான். கூடத்தில் மின்விசிறியின் கீழே படுத்திருந்தவன் நான்கு மணிக்கு எழுந்து உட்கார்ந்தான்.

"ஐஞ்சு மணியோட இந்தச் சனியன் முடிஞ்சுது" என்றான். "அவ இன்னிக்கு ஒரு தடவை வந்து பார்ப்பா. பட்டியல் நகர்ந்துச்சான்னு. ரெண்டை ஏழாக்கி விடு."

"ஏழா?"

"ஆமா. பின்னாடி போயிருக்குன்னு தெரியட்டும். எப்படிப் போச்சுன்னு கேட்டா, முன்னாடியும் ஏழுதான்னு சொல்லிடு. நீதான் தப்பாப் படிச்சேன்னு சொல்லிடு. அதான் இப்போ ஒத்துக்கறாளே, சொன்னதையெல்லாம்." கொட்டாவி விட்டான். "ஆசை வேரோட போகணும். கொஞ்சம் வச்சா மறுபடி துளிர்க்கும்."

அவன் கெட்டவனாகத் தெரியவில்லை. தூக்கக் கலக்கத்தில், பனியன் முதுகில் ஒட்டியிருக்க, குழாய் ஒழுகுகிறது, பழுது பார்க்க ஆள் கூப்பிடு என்று சொல்வது போலச் சொன்னான். அவள் கணினி முன் போய் உட்கார்ந்தாள். பக்கத்தைத் திறந்தாள். வரிசை எண் 2. எண்ணின் மேல் அம்பை வைத்து வலது பொத்தானை அழுத்தினாள். நான்கு வரிகள் விரிந்தன.

பின்னறைக் கதவு திறந்தது. நாத்தனார் முகம் கழுவி, தலை வாரி, எங்கோ புறப்படுகிறவள் போல வந்தாள். கறுப்புக் கண்ணாடிச் சட்டத்தின் ஓரத்தில் தண்ணீர்த் துளி நின்றது. இத்தனை சீக்கிரம் வருவாள் என்று கணவன் எதிர்பார்க்கவில்லை, எழுந்து நின்றான்.

"திறந்துட்டீங்களா அண்ணி? நல்லதாப் போச்சு." இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் திரையைப் பார்க்கவில்லை. மடியில் கையைக் கோத்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். "நீங்களே படிச்சுச் சொல்லிடுங்க. நான் படிச்சா இருக்கறது ஒண்ணு, எனக்குத் தெரியறது ஒண்ணு. ஒண்ணுன்னு இருந்தாலும் நம்ப மாட்டேன். நீங்க சொன்னா நம்புவேன்."

கணவன் நாத்தனாரின் தலைக்கு மேலே கையைத் தூக்கி ஏழு விரல்களைக் காட்டினான்.

அவள் அந்த விரல்களைப் பார்த்தாள். பக்கத்தில் கோத்திருந்த கையைப் பார்த்தாள். நான்கு வருடமாகச் சோப்பிலும் மருந்திலும் ஊறி வெளுத்துப்போன கை. இவள் போனதும் அந்த வாளி, அந்தத் துணி, அந்த ஊசி எல்லாம் தன் கைக்குத்தான் வரும் என்று அவளுக்குத் தெரியும். மேலாளரிடம் என்ன சொல்ல வேண்டியிருக்கும் என்று தெரியும். பின்னறையில் கிடப்பவள் மணிக்கட்டைத் தட்டிக் கொடுக்க மாட்டாள் என்று தெரியும். இன்னும் ஒரு நிமிடத்தில் இந்த முகம் தன்னை நிமிர்ந்து பார்க்கும்போது அதில் என்ன இருக்கும் என்றும் தெரியும். மிச்ச நாளெல்லாம் மன்னிப்பே இல்லாமல் அதனோடுதான் இருந்தாக வேண்டும். ஆனாலும் அவள் பயந்தது அதற்கெல்லாம் இல்லை. நீங்க சொன்னா நம்புவேன் என்ற சொல்லைக் கேட்டதும் நாக்கின் அடியில் மறுபடி அந்த இனிப்பு ஊறத் தொடங்கியிருந்தது. பயம் அதற்குத்தான்.

விரிந்திருந்த நான்கில் கடைசி வரியை, எல்லா மாற்றங்களையும் நீக்கு என்பதை, அழுத்தினாள். பக்கம் ஒரு தடவை கண் சிமிட்டியது. மூலையில் கடிகாரம் நான்கு இருபத்தொன்று காட்டியது. பச்சைப் பொத்தான் அதன் இடத்தில் வந்து நின்றது.

"என்ன பண்றே நீ?" என்றான் கணவன். குரல் உயரவில்லை. பற்களுக்கு நடுவிலிருந்து வந்தது. "அவ கேக்கறாள்ல, படிச்சுச் சொல்லு."

"சொல்லுங்க அண்ணி" என்றாள் நாத்தனார், தரையைப் பார்த்தபடியே. "எதுவா இருந்தாலும் பரவாயில்ல."

அண்ணி நாற்காலியை விட்டு எழுந்தாள். மவுஸை நாத்தனாரின் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

"நான் படிக்க மாட்டேன்" என்றாள் மெதுவாக. "கண்ணாடியைக் கழட்டிட்டு நீயே படி."